சாக்கடற் சுருள்களும் மூலபாடப் பிரச்சினையும்

இருபதாம் நூற்றாண்டிலே நிகழ்ந்த தொல்பொருட் கண்டுபிடிப்புக்களுள் சாக்கடற் சுருள்களைப் போலப் பொதுமக்களின் ஆவலைத் தூண்டியவை மிகச் சிலவே. அவற்றைப் போலத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டவையும் மிகச் சிலவே எனலாம். 1947 ஆம் ஆண்டு முதலாக அவை பற்றி வெளிவந்த எழுத்துக்களை நோக்கின் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலித்து வந்துள்ளமை புலனாகும். வேதாகமம் ஓர் எழுத்தும் மாறாது நம்மை வந்தடைந்துள்ளது என்பதைச் சுருள்கள் ஐயத்துக்கிடமின்றி நிறுவிவிட்டன என்பது ஒரு குரல். கிறிஸ்தவத்தின் தனித்தன்மையைத் தகர்க்கும் இரகசியங்கள் அவற்றிலே பொதிந்துள்ளன என்பது மற்றைய குரல். ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும் இவ்விரண்டும் அடிப்படையில் ஒரே வகையின. சுருள்கள் எதைக் கூறவேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொண்டு அவற்றை அணுகுவன. சுருள்களை அவற்றின் போக்கிலே பயில்வோருக்கு அவை எழுப்பும் வினாக்கள் வேறானவை. ஒரு நூலின் மூலபாடம் என நாம் கருதுவது யாது? அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது? இவ்விரு வினாக்களையும் மையமாகக் கொண்டு சுருள்களின் முக்கியத்துவத்தை மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டெடுப்பின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமானது. சாக்கடலின் வடமேற்குக் கரையிலுள்ள கும்ரான் என்னும் இடத்துக்கு அண்மையில், தாமிரே குலத்தைச் சேர்ந்த பெதுயின் இடையர்கள் குகையொன்றினுள்ளே மட்சாடிகளையும் தோற்சுருள்களையும் கண்டனர். 1947 ஆம் ஆண்டில் ஏழு சுருள்கள் வெளியே தெரியவந்தன. அவற்றுள் நான்கு, பெத்லகேமிற் செருப்புத் தொழிலோடு பழம்பொருள் வாணிபமும் செய்துவந்த ஒருவர் மூலமாக, எருசலேமிலிருந்த சிரிய மரபுவழித் திருச்சபையின் பேராயர் அத்தனாசியஸ் சாமுவேலிடம் சென்றன. ஏனைய மூன்றையும் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எலியேசர் சுகெனிக் பெற்றுக்கொண்டார். பலஸ்தீனத்தைப் பிரிப்பதென ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் நிறைவேற்றிய 1947 நவம்பர் மாத இறுதி நாட்களிலேயே சுகெனிக்கின் முயற்சி தொடங்கியமை குறிப்பிடத்தக்கது. பேராயரிடமிருந்த நான்கு சுருள்களும் பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1954 ஜூன் 1 ஆம் திகதி வோல் ஸ்ரீற் ஜேர்னல் பத்திரிகையின் பல்பொருள் விற்பனைப் பகுதியில் அவை விளம்பரம் செய்யப்பட்டன. சுகெனிக்கின் மகனாகிய யிகாயேல் யாதின் இடைத்தரகர் ஒருவரைக்கொண்டு 250,000 டொலருக்கு அவற்றை இஸ்ரேலுக்காக வாங்கினார்.

1956 ஆம் ஆண்டு வரையில் கும்ரான் பகுதியிற் பதினொரு குகைகள் இனங்காணப்பட்டன. 1952 இற் கண்டறியப்பட்ட நான்காம் குகை ஒன்றிலிருந்து மட்டும் ஏறத்தாழ 15,000 துண்டுகள் கிடைத்தன. அவை 500 இற்கும் மேற்பட்ட ஏடுகளின் எச்சங்கள். எல்லாக் குகைகளிலும் கிடைத்தவற்றை ஒருசேர நோக்கின் ஏறத்தாழ 900 ஏடுகளின் பகுதிகள் நமக்கு எஞ்சியுள்ளன. பெரும்பாலானவை எபிரேய மொழியிலும், ஒரு பகுதி அரமேய மொழியிலும், சில கிரேக்கத்திலும் அமைந்தவை. இவற்றுள் 200 இற்கு மேற்பட்டவை யூத வேத நூல்களின் படிகளாகும். எஸ்தர் நூல் தவிர்ந்த எபிரேய வேதாகமத்தின் எல்லா நூல்களும் துண்டளவிலேனும் கிடைத்துள்ளன. எஞ்சியவை உரைகள், வழிபாட்டுப் பாடல்கள், குழு ஒழுக்க விதிகள், நாட்காட்டிகள் எனப் பலதிறத்தன.

சுருள்களின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் கி.பி. முதலாம் நூற்றாண்டு வரையிலானது. எழுத்தமைதியைக்கொண்டு ஆய்வாளர் கணித்த இக்காலத்தைப் பிற்காலத்துக் கதிரியக்கக் கரிமச் சோதனைகள் பெரும்பாலும் உறுதிப்படுத்தின. 2025 இல் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமச் சோதனையையும் கணினிவழி எழுத்தாய்வையும் இணைத்து வெளியிட்ட முடிவுகள், சில சுருள்கள் முன்னர் கருதப்பட்டதிலும் பழமையானவை எனக் காட்டுகின்றன. சுருள்கள் வெளிப்படுமுன் அறியப்பட்டிருந்த எபிரேய வேதாகம ஏடுகளுள் அலெப்போ ஏடு கி.பி. பத்தாம் நூற்றாண்டினது, முழுமையாக எஞ்சியுள்ள லெனின்கிராட் ஏடு கி.பி. 1008 இல் எழுதப்பட்டது. ஆகவே கும்ரான் கண்டுபிடிப்பினால் எபிரேய வேதாகமத்தின் எழுத்துச் சான்று ஒரே பாய்ச்சலில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது. இந்த ஆயிரம் ஆண்டு இடைவெளியில் நூல் எவ்வாறு பேணப்பட்டது என்பதே முதலில் எழுந்த வினா.

முதற் குகையிற் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள் இவ்வினாவுக்கு அளித்த விடை பலரை மகிழ்வித்தது. பதினேழு தோல்களை ஒன்றிணைத்து ஆக்கப்பட்ட, ஏழு மீற்றருக்கு மேல் நீண்ட அச்சுருளில் ஏசாயா நூல் ஏறத்தாழ முழுமையாகவே உள்ளது. எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளும் சொல் வேறுபாடுகளும் மிகுதியாக இருப்பினும், நூலின் கட்டமைப்பும் உள்ளடக்கமும் நாம் அறிந்த மசோரெத்திய பாடத்தோடு பெரிதும் ஒத்துச்செல்கின்றன. யூத அறிஞர்கள் இடைக்காலத்தில் உயிர்க்குறியும் இசைக்குறியும் இட்டு நிலைப்படுத்திய பாடமே மசோரெத்திய பாடம் எனப்படுவது. தமிழ் உட்பட உலக மொழிகள் பலவற்றில் வெளிவந்த பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக்கள் பெரும்பாலும் அதனையே தழுவியவை. 1952 இல் வெளிவந்த திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு ஏசாயாச் சுருளிலிருந்து பதின்மூன்று பாடங்களை மட்டுமே ஏற்றுக்கொண்டது. அக்குழுவில் இடம்பெற்ற மில்லர் பரோஸ் என்னும் அறிஞர், அவற்றுட் சிலவற்றைக்கூட ஏற்றிருக்க வேண்டியதில்லை எனப் பின்னர் கருதினார். எழுத்து மாறாத வேதம் என்னும் கருத்துக்கு இதனைவிட வேறென்ன சான்று வேண்டும் எனப் பலர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆயின் அச்சுருளே வேறொரு கதையையும் கூறுகின்றது. அதன் நாற்பதாம் அதிகாரத்தில் முதலில் எழுதியவர் விட்டிருந்த சில சொற்களைப் பிற்காலத்தார் ஒருவர் வரிகளுக்கிடையிலும் ஓரத்திலும் வேறு கையெழுத்திற் சேர்த்துள்ளார். அச்சொற்கள் மசோரெத்திய பாடத்தில் உள்ளவை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இல்லாதவை. முதலில் எழுதியவர் கண்வழுவினால் அவற்றை விட்டாரா, அன்றி அவர் பார்த்து எழுதிய ஏட்டில் அவை இருக்கவேயில்லையா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் ஒரே சுருளின் ஒரே பக்கத்தில் நூலின் இரு நிலைகள் நமது கண்முன்னே நிற்கின்றன என்பதில் ஐயமில்லை.

நான்காம் குகைத் துண்டுகள் வெளிப்பட்டபோது இவ்வுண்மை மேலும் தெளிவாகியது. எரேமியா நூலை இங்கு முதன்மையான சான்றாகக் கொள்ளலாம். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியா நூல் மசோரெத்திய பாடத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறுகியது. அதிகாரங்களின் வைப்பு முறையும் வேறு. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர் தம் விருப்பப்படி சுருக்கியும் மாற்றியும் விட்டார் எனப் பலர் நெடுங்காலம் கூறிவந்தனர். கும்ரானிற் கிடைத்த எபிரேய எரேமியாத் துண்டுகளுட் சில நீண்ட வடிவத்தைத் தழுவியுள்ளன. வேறொன்றோ குறுகிய வடிவத்தையே எபிரேயத்திற் காட்டுகின்றது. மொழிபெயர்ப்பாளர் சுருக்கவில்லை, அவர் முன்னிருந்த எபிரேய ஏடே குறுகியதாக இருந்தது. பழியைச் சுமந்துநின்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார் எனலாம்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். கும்ரானில் வாழ்ந்தோர் பொதுச் சமூகத்திலிருந்து விலகிய ஒரு குழுவினர். அவர்களிடையே நிலவிய பாட வேறுபாடுகள் யூத சமூகம் முழுவதற்கும் உரியன ஆகா என்பதே அம்மறுப்பு. 2020 இல் வெளியான தோல்களின் மரபணு ஆய்வு இவ்விடத்திற் கவனத்துக்குரியது. எரேமியாத் துண்டுகளுட் சில ஆட்டுத் தோலிலும் சில மாட்டுத் தோலிலும் எழுதப்பட்டுள்ளமையை அது வெளிப்படுத்தியது. வறண்ட யூதேயப் பாலையில் மாடு வளர்த்தல் எளிதன்று. ஆதலின் மாட்டுத்தோல் ஏடுகள் வெளியிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டிருத்தல் வேண்டும் என அவ்வாய்வாளர்கள் கருதுகின்றனர். அக்கருத்தை ஏற்பின், பல்வேறு பாடங்கள் வழங்கியமை ஒரு குழுவின் விசித்திரம் அன்று; அக்காலச் சமூகத்தின் பொதுநிலை அது என்றே கொள்ளல் வேண்டும்.

வேறு சான்றுகளும் உள. சாமுவேலின் முதலாம் நூலின் மசோரெத்திய பாடத்தில் நாகாஸ் என்னும் அம்மோனிய அரசன் எவ்வித முன்னறிமுகமுமின்றிப் படையெடுத்து வருகின்றான். சரணடைவோரின் வலக் கண்ணைப் பிடுங்குவேன் என்கின்றான். நான்காம் குகையிற் கிடைத்த சாமுவேல் ஏடு அதற்கு முன்னே ஒரு பந்தியைக் கொண்டுள்ளது. அவ்வரசன் அயற் கோத்திரத்தாரை எவ்வாறு ஏற்கெனவே குருடாக்கியிருந்தான் என்பதை அது கூறுகின்றது. முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியராகிய யோசேபஸ் இச்செய்தியை அறிந்திருந்தார். 1989 இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்திய மொழிபெயர்ப்பு இப்பந்தியை நூலினுள்ளேயே சேர்த்துக்கொண்டது. உபாகமத்தின் முப்பத்திரண்டாம் அதிகாரத்தில், கடவுள் மக்களினங்களின் எல்லைகளை எந்த எண்ணிக்கைக்கு ஏற்ப வகுத்தார் என்ற இடத்தில், மசோரெத்திய பாடம் இஸ்ரயேலின் புதல்வரைக் குறிக்கின்றது. கும்ரான் ஏடு கடவுளின் புதல்வரைக் குறிக்கின்றது. பல தெய்வ வழிபாட்டின் சாயல் தென்பட்ட ஒரு பழைய சொல்லைப் பிற்காலத்தவர் மாற்றினர் என்பதே ஆய்வாளர் பலரின் முடிபாகும். இங்கு நேர்ந்தது கைப்பிழை அன்று, கருத்து மாற்றம்.

இச்சான்றுகளை விளக்க எழுந்த கொள்கைகளை நோக்கின், ஆய்வுலகம் படிப்படியாகத் தன் எடுகோள்களைத் தளர்த்தி வந்துள்ளமை தெரியும். பிராங்க் குரோஸ் என்பார் பலஸ்தீனம், எகிப்து, பாபிலோனியா ஆகிய மூன்று நிலப்பகுதிகளில் மூன்று பாட மரபுகள் வளர்ந்தன என்றார். இம்மானுவேல் தோவ், எந்த மரபிலும் அடங்காத ஏடுகள் கும்ரானில் உள்ளன எனக் காட்டி மூவகைப் பிரிவின் போதாமையைச் சுட்டினார். யூஜின் உல்ரிச், ஒரு நூல் வளர்ந்துவந்த காலத்தில் அடுத்தடுத்துத் தோன்றிய முழுமையான பதிப்புக்களே நமக்குப் பாட வேறுபாடுகளாகத் தோன்றுகின்றன என விளக்கினார். இவருடைய கருத்தே ஆழ்ந்த விளைவுகளை உடையது என்பது எமது எண்ணம். நூலாசிரியர் தொழில் முடிந்த பின்னரே படியெடுப்போர் தொழில் தொடங்குகின்றது என்பதே மூலபாட ஆய்வின் மரபான அடிப்படை. எரேமியா போன்ற நூல்களில் இவ்விரு தொழில்களுக்குமிடையே தெளிவான எல்லைக்கோடு இல்லை. ஆக்கமும் பேணலும் ஒரே செயலின் இரு கூறுகளாயிருந்தன. அத்தகைய நூலுக்கு ஒரேயொரு மூலபாடத்தைத் தேடுவது, ஆற்றின் ஓட்டத்தில் எந்தக் குடம் நீர் உண்மையான ஆறு என வினவுவதை ஒக்கும்.

இந்நிலை அக்கால மக்களுக்கு இடர்ப்பாடாகத் தோன்றியதா? ஆபகூக் நூலுக்குக் கும்ரானில் எழுதப்பட்ட உரை இவ்வினாவுக்கு ஒருவாறு விடை தருகின்றது. அவ்வுரைகாரர் ஓரிடத்தில் வேத வரியை எடுத்துக்காட்டும்போது தள்ளாடுதல் எனப் பொருள்படும் சொல்லைத் தருகின்றார். அதனையடுத்து வரும் விளக்கத்திலோ இருதயத்தை விருத்தசேதனம் செய்யாத குருவைப் பற்றிப் பேசுகின்றார். மசோரெத்திய பாடத்தில் அவ்விடத்தில் உள்ளது விருத்தசேதனமின்மை குறித்த சொல்லே. எபிரேயத்தில் இவ்விரு சொற்களும் எழுத்து முறைமாற்றத்தால் மட்டும் வேறுபடுவன. உரைகாரர் இரு பாடங்களையும் அறிந்திருந்தார், இரண்டையும் பயன்படுத்தினார், ஒன்றைத் தள்ள வேண்டுமென அவர் கருதவில்லை. வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் தம் காலத்தைச் சுட்டுகின்றது என நம்பிய தீவிர பக்தர் அவர். அத்தகையவரே பாட வேறுபாட்டைக் கண்டு கலங்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. ஒற்றைப் பாடமே புனிதத்துக்கு நிபந்தனை என்னும் எண்ணம் பிற்காலத்தது.

எனினும் நேர்மையான மதிப்பீடு மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மசாதாக் கோட்டையிலும் முரபாத் பள்ளத்தாக்கிலும் கிடைத்த, கி.பி. முதலாம் இரண்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த ஏடுகள் மசோரெத்திய பாடத்தோடு மிக நெருக்கமாக ஒத்துள்ளன. 1970 இல் எங்கெதியில் கிடைத்த, தொட்டால் உதிர்ந்துவிடும் நிலையிலிருந்த கரிந்த சுருளொன்று 2016 இல் வெளியான ஆய்வில் ஊடுகதிர்ப் படங்களின் துணையோடு கணினியிலே விரித்து வாசிக்கப்பட்டது. அதிலிருந்த லேவியராகமத்தின் மெய்யெழுத்துக்கள் மசோரெத்திய பாடத்தினின்றும் வேறுபடவில்லை. ஆகவே கி.பி. 70 இல் எருசலேம் ஆலயம் அழிந்ததையடுத்த காலப்பகுதியில் ஒரு பாடம் மேலோங்கி, அதன்பின் வியக்கத்தக்க கவனத்தோடு பேணப்பட்டது என்பது உண்மை. முதலாவது குரல் இவ்வளவில் நியாயமானது. ஆனால் பேணப்பட்டமை வேறு. பேணத் தொடங்குமுன் பலவற்றுள் ஒன்று நிலைபெற்றமை வேறு. முன்னையதைக் கண்டு பின்னையதை மறத்தல் ஆய்வாகாது.

இரண்டாவது குரலைச் சுருக்கமாகவே நோக்கலாம். நீதியின் போதகர் எனச் சுருள்கள் குறிப்பிடும் தலைவரை இயேசுவின் முன்னோடியாக அந்திரே டுப்போன்-சொமர் 1950 இல் விளக்கினார். பதிப்பாசிரியர் குழுவைச் சேர்ந்த ஜோன் அலெக்ரோ அதனினும் துணிவான முடிவுகளைப் பரப்பினார். சுருள்கள் முழுமையாக வெளிவந்தபின் அம்முடிவுகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இயேசுவோ அவர்தம் சீடரோ அவற்றிற் குறிப்பிடப்படவில்லை. இரு சமூகங்களுக்கும் பொதுவான சொற்களும் எதிர்பார்ப்புக்களும் உள்ளன. அவை கிறிஸ்தவம் தோன்றிய யூதச் சூழலை விளங்கிக்கொள்ள உதவுவனவேயன்றி அதனைத் தகர்ப்பன அல்ல. ஆயினும் பரபரப்பு ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என வினவுதல் வேண்டும். அறிஞர்கள் கதவடைத்துக்கொண்டமையே அதற்குத் தலையாய காரணம்.

நான்காம் குகைத் துண்டுகளைப் பெதுயின் மக்களிடமிருந்து சதுர சென்ரிமீற்றர் கணக்கில் விலைபேசி வாங்கிய ஜோர்தானிய அதிகாரிகள், 1953 முதலாக ஒரு சிறு பன்னாட்டுக் குழுவினரிடம் அவற்றை ஒப்படைத்தனர். றோலண்ட் டி வோ தலைமையிலான அக்குழுவில் யூத அறிஞர் எவரும் இடம்பெறவில்லை. துண்டுகள் உறுப்பினரிடையே பங்கிடப்பட்டன. பங்கு பெற்றவர் வெளியிடும்வரை பிறர் பார்க்கவியலாது என்பது வழக்காயிற்று. 1967 போரில் கிழக்கு எருசலேம் இஸ்ரேலின் கைப்பட்ட பின்னரும் இவ்வேற்பாடு மாறவில்லை. தமக்குரிய பங்கை விரைந்து 1968 இல் வெளியிட்டவர் அலெக்ரோ. அப்பதிப்பின் பிழைகளைத் திருத்த ஜோன் ஸ்ரக்னெல் எழுதிய மதிப்புரை நூறு பக்கங்களைத் தாண்டியது. ஆனால் ஸ்ரக்னெல் தமக்கு ஒதுக்கப்பட்டவற்றைப் பல தசாப்தங்களாகியும் வெளியிடவில்லை. பிழையோடு வெளிவந்த நூலைப் பிறர் திருத்தலாம். வெளிவராத நூலை யார் திருத்துவது? கேசா வேர்மஸ் போன்றோர் 1970 களிலேயே இது பெரும் கல்வி அவலமாகிவிடும் என எச்சரித்தனர். 1955 இலிருந்து 1990 வரையான முப்பத்தைந்து ஆண்டுகளில் அதிகாரபூர்வப் பதிப்புத் தொடரில் வெளிவந்தவை எட்டுத் தொகுதிகளே.

பூட்டு 1991 இல் உடைந்தது. குழுவினர் தம் பயன்பாட்டுக்கெனத் தயாரித்த சொல்லடைவை வைத்துக்கொண்டு, பென் சியோன் வக்கோல்டரும் மார்ட்டின் அபெக்கும் கணினியின் உதவியால் வெளிவராத பாடங்களை மீளக் கட்டியெழுப்பினர். அதே செப்டெம்பரில் கலிபோர்னியாவிலுள்ள ஹன்ரிங்டன் நூலகம் தன்னிடமிருந்த ஒளிப்படத் தொகுதியை ஆய்வாளர் யாவருக்கும் திறந்துவிட்டது. இம்மானுவேல் தோவின் தலைமையில் விரிவாக்கப்பட்ட புதிய குழு அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளை வெளிக்கொணர்ந்தது. 2012 முதல் துண்டுகளின் நுண்படங்கள் இணையத்தில் எவரும் காணத்தக்கவாறு வைக்கப்பட்டுள்ளன. முப்பத்தைந்து ஆண்டுகளில் இயலாதது இருபது ஆண்டுகளில் இயன்றமைக்குத் திறமை வேறுபாடு காரணமன்று. அறிவு தனியுடைமை என்னும் எண்ணம் கைவிடப்பட்டமையே காரணம்.

எனினும் உடைமை பற்றிய வினா முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. சட்டவிதிகள் தொடர்பான கும்ரான் ஏடொன்றைப் பல துண்டுகளிலிருந்து புனரமைத்த எலிஷா கிம்ரோன், தமது புனரமைப்பை அனுமதியின்றி அச்சிட்டவர்மீது வழக்குத் தொடுத்தார். இஸ்ரேலிய உயர் நீதிமன்றம் 2000 இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பழைய ஏடு எவருக்கும் சொந்தமன்று. ஆனால் துண்டுகளை ஒழுங்குபடுத்தி இடைவெளி நிரப்பிய பாடம் பதிப்பாசிரியரின் ஆக்கம் என்பது அத்தீர்ப்பின் சாரம். மூலபாடம் என நாம் கையிலெடுப்பது எவ்வளவு தூரம் பதிப்பாசிரியரின் படைப்பு என்பதை நீதிமன்றமே இவ்வாறு ஒப்புக்கொண்டது. சுருள்கள் எந்நாட்டுக்குரியன என்ற வினாவும் தொடர்கின்றது. 2009 இல் ரொறன்ரோவில் நடந்த கண்காட்சியின்போது பலஸ்தீனத் தரப்பும் ஜோர்தானும் உரிமை கோரி எதிர்ப்புத் தெரிவித்தன. புனிதப் பொருளாக அவற்றை உடைமையாக்கிக்கொள்ளும் ஆசை போலிகளையும் பிறப்பித்தது. வாஷிங்டனிலுள்ள வேதாகம அருங்காட்சியகம் சேகரித்திருந்த பதினாறு துண்டுகளும் போலியானவை என 2020 இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சுருள்களின் இன்றைய முக்கியத்துவம் இருவகையில் அமைகின்றது. முதலாவது, தொன்மையான நூலொன்றை அணுகும் முறை பற்றியது. வேறுபடும் பாடங்களைக் களைகளாகக் கருதிப் பிடுங்கி எறியாது, ஒவ்வொன்றும் எக்காலத்து எவ்வகை வாசகருக்குப் பொருளுடையதாய் இருந்தது என ஆராயும் முறையை அவை வற்புறுத்துகின்றன. இம்முறை விசுவாசத்துக்குப் பகையன்று என்பதற்கு ஆபகூக் உரைகாரரே சான்று. இரண்டாவது, ஆய்வாளரின் கடப்பாடு பற்றியது. இரண்டாயிரம் ஆண்டுகள் குகையிலிருந்த ஏடுகள் வெளிவந்த பின்னரும் ஒரு தலைமுறைக்கு மேலாக ஆய்வறைகளுக்குள்ளே மறைந்திருந்தன. அவற்றைக் கற்க விரும்பிய பலர் அவை வெளிவருமுன்னரே காலமாகிவிட்டனர். முதலாவது மறைவுக்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டாவது மறைவுக்குப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் பேராசிரியர்களுமே பொறுப்பு. பழைய ஏடு எதனையேனும் கையிலெடுக்கும் மாணவர் எவரும், அதனைத் தாம் படித்து முடிக்க எடுக்கும் காலத்தைப் போலவே, அதனைப் பிறர் படிக்கவிடாது வைத்திருக்கும் காலத்துக்கும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவராவர்.